கொட்டகைக் காற்று: வாசகர் கேள்வி பதில்

மழை பிடித்ததிலிருந்து வந்த கடிதங்களில் கோழிக்குச் சளி, கொட்டகையில் நெடி, தூசு என்பவைதான் அதிகம். காற்றில் மிதக்கும் பாக்டீரியா பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

ஆழ்கூள முறையில் (தரையில் உமி போன்ற கூளம் பரப்பி) 5,000 பிராய்லர் வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை பேட்ச்களில் மட்டும் மூன்றாம் வாரம் கொர்ர் சத்தமும் தும்மலும் தொடங்கி, பிறகு சாவு விழுகிறது. அறுத்துப் பார்த்தால் காற்றுப்பையில் வெள்ளைப் படலம். ஈரல் மேலும் பாலாடை போல ஒட்டியிருக்கிறது. ஈ.கோலை, காற்றில் பரவுகிறது என்கிறார்கள். குடலில் இருக்கும் கிருமி காற்றில் எப்படி வரும்? எதைத் தெளித்தால் நிற்கும்?
*(பல்லடம் பகுதி வாசகர்)*

தெளிப்பதைப் பிறகு பார்ப்போம். இரவு எட்டு மணிக்கு உங்கள் படுதா (கொட்டகையின் பக்கத் திரை) எந்த நிலையில் இருக்கிறது? பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

குடல் கிருமி எச்சத்தோடு கூளத்தில் விழுகிறது. எச்சம் காய்ந்து பொடியாகி, கோழி நடக்கையிலும் சிறகு அடிக்கையிலும் தூசாக எழும்புகிறது. ஈ.கோலை தனியாக, ஒரு நீர்த்துளியில் காற்றில் மிதந்தால் காய்ந்து சீக்கிரம் செத்துவிடும். தூசுத் துகளுக்குள் ஒட்டிக்கொண்டால் நெடுநாள் தாங்கும். கோழிக் கொட்டகைத் தூசில் கிராமுக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை ஈ.கோலை இருப்பது அதிசயமில்லை. அதோடு, ஒரு கன மீட்டர் கொட்டகைக் காற்றில் மொத்த பாக்டீரியா லட்சக் கணக்கில் இருக்கும். அதில் பெரும்பங்கு தோலிலும் இறகிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை, ஈ.கோலையின் பங்கு சிறிது. அந்தச் சிறிதும் ஆரோக்கியமான கோழியை ஒன்றும் செய்யாது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் தூசைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கோழி அதை விழுங்கிவிடும்.

அந்த நுண்மயிர்களை முடக்குவது அம்மோனியா. 20, 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு) அளவில் சில நாள் இருந்தாலே அவற்றின் வேலை தடுமாறும். பிறகு 5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த தூசு தடையின்றி உள்ளே போகும். கோழியின் நுரையீரலை ஒட்டி ஒன்பது காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றில் ரத்த ஓட்டம் குறைவு. உள்ளே போன கிருமியை எதிர்க்க ஆள் வந்து சேரத் தாமதமாகும். இதே வாரத்தில் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல் நோய்) தடுப்பு மருந்தின் எதிர்வினையும் சேர்ந்தால், நீங்கள் அறுத்துப் பார்த்த படலம்தான் விளைவு.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வருவதற்குக் காரணம், குளிருக்குப் பயந்து படுதாவை முழுக்க ஏற்றிவிடுவது. ஒரு கணக்குப் போடுங்கள். நான்காம் வாரத்தில் ஒரு கோழி நாளைக்கு 200 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். 5,000 கோழிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். அதில் உடம்பில் தங்குவது கொஞ்சம். மற்றதெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்குள்தான் வருகிறது. தினம் ஒரு டேங்க் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுப்பது போலத்தான் இது.

படுதாவைக் கீழே கட்டி, மேலிருந்து இறங்கித் திறப்பதாக மாற்றுங்கள். நிறைய கொட்டகைகளில் மேலே ஆணி அடித்து, கீழிருந்து சுருட்டித் தூக்குகிறார்கள். திறந்தால் குளிர்காற்று நேராகக் குஞ்சு மேல் அடிக்கிறது. அதனால் திறக்கவே மாட்டார்கள். கீழே கட்டினால், எவ்வளவு குளிர் இரவானாலும் மேல் விளிம்பில் ஒன்று முதல் ஒன்றரை அடி திறந்தே வைக்கலாம். சூடான ஈரக்காற்றும் அம்மோனியாவும் அந்த வழியாகப் போய்விடும். குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடிங் நாட்களிலும் இந்த இடைவெளி வேண்டும். சூடு போதாவிட்டால் அடுப்பையோ பல்பையோ கூட்டுங்கள், இடைவெளியை அடைக்காதீர்கள். விறகும் கரண்டும் கூடுதலாகச் செலவாகும், உண்மைதான். செத்த கோழியின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகையாகத் தெரியாது.

அடுத்தது கூளம். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையைத் திறங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. 20, 25 சதவீதம் இருக்கும். சேரவே சேராமல் பொடியாகப் பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, தூசுக்கு வழி. தேங்காய் நார்த்தூள் போடுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலே காய்ந்த மாதிரி காட்டும். காய்ந்தபின் உமியைவிட நுண்ணிய தூசு தரும். சோதிக்கும்போது மேலாக அள்ளாமல் அடிவரை தோண்டி அள்ளுங்கள்.

ஈரம் நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) வரிசைக்குக் கீழே மட்டும் என்றால் குற்றவாளி நிப்பிள். ஒரு நிப்பிளில் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வர வேண்டும் என்று அறிய, வயதை வாரத்தில் எடுத்து, ஏழால் பெருக்கி, இருபது கூட்டுங்கள். மூன்றாம் வாரம் என்றால் நிமிடத்துக்கு 41 மில்லி. ஒரு நிப்பிளை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து அளவு ஜாடியில் பாருங்கள். 70, 80 வந்தால் அழுத்தம் அதிகம். கோழி குடிக்கும் அளவு கூளமும் குடிக்கிறது. கோழி கழுத்தை நிமிர்த்திக் குடிக்கும் உயரத்துக்கு வரிசையை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். முதுகு மட்டத்தில் விட்டால் பக்கவாட்டில் கொத்திச் சிந்தும்.

அம்மோனியாவை நின்றபடி மோந்து பார்க்கக் கூடாது. விடியற்காலை, படுதா திறக்கும் முன் உள்ளே போய்க் கோழியின் தலை உயரத்துக்குக் குந்துங்கள். கண் கரித்தால் 25 தாண்டியிருக்கும். முதல் ஒரு நிமிடத்தில் மூக்கு சொல்வதை நம்புங்கள். அதற்குப் பிறகு மூக்கு பழகிவிடும். நாள் முழுக்க உள்ளேயே வேலை செய்பவர் 'நெடியே இல்லீங்க' என்பது பொய் அல்ல, அவர் மூக்கின் நிலை அது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. முன்பு இதற்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கித் தண்ணீரில் கலந்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஜூலையில் மத்திய அரசால் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வேறு மருந்து என்றால் செத்த கோழியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்த்த பிறகு மருத்துவர் எழுதட்டும்.

நெடி வந்தால் கூளத்தில் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறுகிறோம். அன்றைக்கு நெடி இன்னும் ஏறுகிறதே?
*(உடுமலைப்பேட்டை வாசகர்)*

ஏறத்தான் செய்யும். எச்சத்தில் இருக்கும் நைட்ரஜன், காரத்தன்மை கூடக்கூட அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். சுண்ணாம்பு கடுங்காரம். அது கட்டிப்போன கூளத்தை உதிர்க்கும், ஈரம் இழுக்கும்; ஆனால் கோழி உள்ளே இருக்கும்போது தேங்கியிருந்த அம்மோனியாவை எல்லாம் ஒரே நாளில் காற்றுக்கு அனுப்பிவிடும். சுண்ணாம்புக்கு உரிய நேரம் கூளத்தை அள்ளிக் கழுவிய வெறுந்தரை.

கோழி இருக்கப்போகும் கூளத்துக்கு வேண்டியது புளிப்பு, அதாவது அமிலம். குடிநீர் சுத்திகரிக்கப் பயன்படும் அலுமினியம் சல்பேட் தூள் 100 சதுர அடிக்கு இரண்டரை முதல் நான்கரை கிலோ வரை போடுவது உண்டு. குஞ்சு இறங்குவதற்கு முன் தூவி மேல் கூளத்தில் கலந்துவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரம் தாங்கும். தூவும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். நிப்பிள் ஒழுகுவதைச் சரி செய்யாமல் இதைப் போட்டால் காசுதான் கரையும்.

முதுகலை ஆய்வுக்காகக் கோழிக் கொட்டகையில் ஊடகத் தட்டுகளை (கிருமி வளரும் கூழ் நிரப்பிய தட்டு) 15 நிமிடம் திறந்து வைத்தேன். எண்ண முடியாத அளவு வளர்ந்துவிட்டது. நேரத்தைக் குறைத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடலாமா?
*(நாமக்கல் மாணவி)*

நேரத்தைக் குறைத்தால் எண்ணலாம். கன மீட்டர் கணக்கு மட்டும் அதிலிருந்து வராது. தட்டில் விழுவது எடையால் இறங்கும் துகள்தான். 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தரை நிமிடம் எடுக்கும். 1 மைக்ரான் துகளுக்கு எட்டு மணி நேரம் ஆகும், அதுவும் காற்று அசையாமல் இருந்தால். நுரையீரலுக்குள் போகும் நுண்துகளைத் தட்டு ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. பெருந்தூசு எவ்வளவு படிகிறது என்று இரண்டு கொட்டகைகளை ஒப்பிட மட்டும் தட்டு உதவும். அதற்கு 1 நிமிடமோ 30 விநாடியோ போதும்.

காற்றை அளந்து இழுக்கும் கருவி வேண்டும். ஆண்டர்சன் கருவியில் நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்று, ஒவ்வொரு அடுக்கிலும் 400 துளை வழியாகத் தட்டில் மோதும். துகளை அளவுவாரியாகப் பிரித்துத் தரும் அருமையான கருவி. ஆனால் கோழிக் கொட்டகைக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. 30 விநாடி ஓட்டினால் 14.15 லிட்டர், காற்றில் கன மீட்டருக்கு 4 லட்சம் இருந்தால் அதற்குள் 5,600க்கு மேல் வந்துவிடும். துளை 400தான். எல்லாத் துளைக்குக் கீழும் வளர்ந்து தட்டு நிரம்பிவிடும். மாட்டுக் கொட்டகைக்குச் சமாளிக்கலாம். அங்கும் எண்ணிய எண்ணை அப்படியே எழுதாதீர்கள்; ஒரே துளையில் இரண்டு, மூன்று விழுந்து ஒன்றாக வளர்ந்திருக்கும். துளைத் திருத்தப்படி 200 என்பது 277. 300 என்பது 553. திருத்தம் இல்லாமல் எழுதிய எண் பாதியாகக்கூட இருக்கும்.

கோழிக்கு ஏற்றது திரவத்துக்குள் காற்றைப் பாய்ச்சும் இம்பிஞ்சர். ஏஜிஐ-30 என்ற கண்ணாடிக் குடுவையில் 20 மி.லி. 0.1 சதவீதப் பெப்டோன் நீர், நுரை தடுக்க ஒரு துளி எண்ணெய், நிமிடத்துக்கு 12.5 லிட்டர். 10 நிமிடத்தில் 125 லிட்டர். முடித்ததும் மிஞ்சிய திரவத்தை அளக்க மறக்காதீர்கள், ஆவியாகிக் குறைந்திருக்கும். 20 என்றே வைத்துக் கணக்கிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 18 மி.லி. மிஞ்சி, பத்து மடங்கு நீர்த்ததில் 0.1 மி.லி. தட்டில் பரப்பி 28 கிருமிக் கூட்டம் (காலனி) வந்தால்: மில்லிக்கு 2,800, மொத்தம் 50,400, அதை 0.125 ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 4 லட்சம். அரை மணிக்கு மேல் ஓட்டாதீர்கள், குமிழியின் அடியிலேயே கிருமி சாகும்.

மொத்த எண்ணிக்கைக்கு டிரிப்டிக் சோயா அகார், பூஞ்சை மறைக்காமல் இருக்கச் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்து; ஸ்டஃபிலோவுக்கு மானிட்டால் உப்பு அகார்; ஈ.கோலை வகைக்கு மெக்கான்கி. குழாயின் வாய் கோழியின் தலை உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள். விளக்குப் போட்டதும், தீவனம் கொட்டியதும், கூளம் கிளறியதும் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். நீங்கள் உள்ளே நடந்தாலே கோழிகள் கலைந்து ஏறும். கருவியை வைத்துவிட்டு வெளியே வந்து கோழிகள் அடங்கியபின் ஓட்டும்படி நீளமான குழாயும் சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள்: இந்த முறையில் தெரிவது ஊடகத்தில் வளரக்கூடிய உயிருள்ளவை மட்டும். செத்தவையும் வளராதவையும் அதைவிட அதிகம். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமி செத்தாலும் அதன் செல்சுவர் நச்சான எண்டோடாக்சினும் நுரையீரலைக் கெடுக்கும்.

புற ஊதா விளக்கும் ஓசோன் மெஷினும் பொருத்தினால் காற்றில் கிருமியே இருக்காது என்று ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா?
*(பெருந்துறை வாசகர்)*

வேண்டாம். புற ஊதா ஒளி நேராகப் பட்டால்தான் கிருமி சாகும். உங்கள் கிருமி தூசுக்குள் ஒளிந்திருக்கிறது; விளக்கு மேலும் இரண்டே நாளில் தூசு படிந்துவிடும். கோழி கண்ணுக்கும் ஆள் கண்ணுக்கும் கேடு வேறு. ஓசோன், கிருமியைக் கொல்லும் அளவுக்கு வைத்தால் கோழியின் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பக்கம் திறந்த கொட்டகையில் அந்த அளவுக்கு அது தங்கவும் செய்யாது.

ஃபார்மலின், பெர்மாங்கனேட் புகை போடுவதும் இதே கதைதான். 100 கன அடிக்கு 40 மி.லி. ஃபார்மலின், 20 கிராம் பெர்மாங்கனேட் என்பது காற்றுப் புகாமல் மூடிய, காலியான, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் அறைக்கான கணக்கு. குஞ்சுப் பொரிப்பக அறைக்குப் பொருந்தும். படுதாக் கொட்டகையில் புகை வெளியேறிப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்கு கறவை மாடு. மடி கழுவித்தான் கறக்கிறோம். மழைக்காலத்தில் சொசைட்டியில் பால் திரிந்துவிட்டது என்று திருப்புகிறார்கள். கொட்டகைக் காற்றில் இருக்கும் கிருமிதான் காரணமா?
*(திருவண்ணாமலை மாவட்ட வாசகி)*

காற்றைக் குறை சொல்லும் முன் கறவை வாளியையும் கேனின் மூடி விளிம்பையும் பாருங்கள். பாலில் சேரும் கிருமியில் காற்றின் பங்கு சிறிது. மடி, கை, பாத்திரம் ஆகியவைதான் பெரிது. மடியைக் கழுவிவிட்டு ஈரம் சொட்டச் சொட்டக் கறந்தால் கழுவாததைவிட மோசம், அழுக்குத் தண்ணீர் காம்பு வழியாக வாளிக்குள் வரும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் துடையுங்கள். முதல் இரண்டு, மூன்று பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுக் கொட்டிவிடுங்கள்.

காற்றால் வருவது ஒரு வகை உண்டு: வைக்கோல் தூசில் இருக்கும் பேசில்லஸ் வித்துகள். இவை கொதித்தாலும் சாகாது. பாலைக் காய்ச்சியபின் முளைத்து, புளிக்காமலேயே திரிய வைக்கும். மாடு நிற்கட்டும் என்று கறக்கும்போது வைக்கோலை உதறிப் போடுவதுதான் இதற்கு வாசல். கறக்கும் நேரத்தில் ஈரமான தவிடு, புண்ணாக்குக் கலவை வையுங்கள். வைக்கோல் கறந்து முடித்த பிறகு. கொட்டகை கூட்டுவது கறப்பதற்கு அரை மணி முன்பே முடிந்துவிட வேண்டும். வாய் குறுகிய வாளி இருந்தால் நல்லது.

மழையில் நனைந்த வைக்கோல் போர் உள்ளே சூடேறி, பிரிக்கும்போது வெள்ளையாகப் புகை போலக் கிளம்பினால் அதை மாட்டுக்கும் போடாதீர்கள், நீங்களும் மூச்சில் இழுக்காதீர்கள். அதில் பெருகும் வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்கள் ஆண்டுக் கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறிவிடும். குளிர்நாடுகளில் இதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பெயர்.

பரண் மேல் வளர்க்கும் ஆடுகளில் இந்த வருடம் ஆறு ஆடு குட்டி வீசிவிட்டது (கரு கலைந்துவிட்டது). வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். ஆட்டுக்கு வந்தது காற்றில் மனிதருக்கு வருமா?
*(தருமபுரி மாவட்ட வாசகர்)*

குட்டி வீச்சுக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று உண்மையிலேயே காற்றில் வரும். காக்சியெல்லா என்ற பாக்டீரியா. அது உண்டாக்குவது கியூ காய்ச்சல். நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கோடிக்கணக்கில் வெளியேறும். காய்ந்தபின் தூசில் பல மாதம் சாகாமல் இருக்கும். மிகச் சில கிருமியே மனிதருக்கு நோய் தரப் போதும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இது வந்தது. தெற்கே பிரபாண்ட் பகுதியின் பெரிய பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பிய தூசுதான் காரணம். பண்ணைக்குள் கால் வைக்காதவர்களும், சில கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களும் படுத்தார்கள். 2009 டிசம்பரில் தொடங்கி 50,000க்கும் மேற்பட்ட சினை ஆடுகளை அங்கே அழித்தார்கள்.

உங்கள் ஆடுகளுக்கு அதுவா, கருவைக் கலைக்கும் இன்னொரு பாக்டீரியாவான புரூசெல்லாவா, வேறொன்றா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கால்நடை மருத்துவரிடம் சொல்லி, குட்டி வீசிய ஆடுகளின் ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை மருமகள் ஆட்டுப் பக்கம் போக வேண்டாம். குட்டி ஈன்ற இடத்தில் போட்ட உடையைத் துவைக்கவும் வேண்டாம். அவருடைய மகப்பேறு மருத்துவரிடமும் வீட்டில் ஆடு குட்டி வீசியதைச் சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல் கையுறையோடு எடுத்து, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். பரணுக்குக் கீழே குவிந்த புழுக்கையைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, காற்று வீடு பக்கம் அடிக்காத நேரத்தில் அள்ளி, மூடி மக்க வையுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.

பேட்ச் முடிந்து கூளம் அள்ளிய அன்று மாலை வேலையாட்களுக்குக் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, இருமல். மறுநாள் சரியாகிவிடுகிறது. மலேரியாவா என்று பார்த்தோம், இல்லை. என்ன இது?
*(ராசிபுரம் வாசகர்)*

அள்ளி முடித்து நான்கிலிருந்து எட்டு மணி நேரத்தில் தொடங்கி ஒரு நாளில் அடங்கினால், அது தொற்று அல்ல. ஒரே நாளில் அளவுக்கு மீறி உள்ளே போன தூசுக்கும் எண்டோடாக்சினுக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பு. ஒரே வேலை செய்த மூன்று, நான்கு பேருக்குச் சேர்ந்து வருவது இதன் அடையாளம். இரண்டு நாளில் அடங்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது கூளம் அள்ளியதைச் சொல்ல வேண்டும்.

மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசைத் தடுக்காது. அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் ஓரத்தில் ஒழுகும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று குறித்த, தூசு வடிக்கும் முகக்கவசம் வாங்குங்கள். இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. அம்மோனியாவை அது தடுக்காது. படுதாவை இருபக்கமும் முழுக்க இறக்கி ஒரு மணி நேரம் விட்டபின் தொடங்குங்கள். கூளத்தின் மேல் கைத்தெளிப்பானால் லேசாக நீர் அடியுங்கள். ஊற வேண்டாம், தூசு அடங்கினால் போதும். காற்று வரும் பக்கத்திலிருந்து அள்ளத் தொடங்கினால் தூசு ஆளுக்கு எதிர்ப்பக்கம் போகும். சாக்கில் கட்டுகிறவருக்குத்தான் முகத்துக்கு நேராக அதிகம் வரும். அந்த வேலையில் ஒருவரையே நாள் முழுக்க நிறுத்தாதீர்கள்.